ஆறாம் கோட்டின் கடைசி நான்கு புள்ளிகள்

செப்டம்பர் 9, திங்கள்

வெண்கல்மேட்டுக்கு வந்தாயிற்று. அரியலூரிலிருந்து ஒரு மணி நேரம். வழியெல்லாம் குண்டும் குழியும். ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மின்விசிறி காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் தருகிறது.

ஊருக்கு வடக்கே உள்ள காலி மனையில் அங்கன்வாடி கட்டப் போகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு கம்பெனி இந்தப் பக்கம் உரத்துக்கான கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறது. சுரங்கங்கள் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் யாரிடமும் இல்லை. மனைக்கு அடியில் காலியிடம் இருக்கிறதா என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும். நாங்கள் என்றால் நான்தான். எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம் திருச்சியிலிருந்து போனில் மட்டும்.

“குணாளன், பழைய மீட்டர் அது. ரீடிங்கை நீங்கதான் நோட்டுல எழுதணும். ஒவ்வொரு மணி நேரமும் பேஸுக்குத் திரும்பி வந்து பாக்கணும். அதுல மட்டும் சோம்பல் கூடாது.”

பேஸ் என்பது மாறாத ஓர் இடம். இங்கே ஊராட்சி அலுவலகத்தின் முதல் படி. அங்கே எடுக்கும் அளவு காலையிலும் மாலையிலும் பொருந்தினால்தான் மீட்டரை நம்பலாம்.

தலைவர் துரைக்கண்ணு உதவிக்கு ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார். பவுனாம்பாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். வெயிலும் காற்றும் மீட்டரில் படாமல் குடை பிடிப்பது அவர் வேலை. “மனுசனுக்கு இல்லாத மரியாதை மெஷினுக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் குடையை வாங்கினார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மனையைக் கோடு கோடாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் புள்ளி புள்ளியாக வைத்து அளக்கிறோம். இரண்டு கோடுகள் முடிந்தன. மதியம் சாப்பிடும்போது பவுனு அக்கா கேட்டார்:

“ஏன் சார், இது பூமிக்குள்ள போட்டோ எடுக்குதா?”

“இல்லக்கா. இது ஒரு தராசு. உள்ள ஸ்பிரிங்ல சின்னதா ஒரு எடை தொங்குது. பூமி அதை எவ்வளவு இழுக்குதுன்னு பாக்குது. அவ்வளவுதான்.”

“பூமி எல்லா எடத்துலயும் ஒண்ணாத்தானே இழுக்கும்?”

“அடியில கல்லு இருந்தா கொஞ்சம் கூட இழுக்கும். காலியா இருந்தா இழுக்க அங்க ஒண்ணும் இல்லையே, அதனால கொஞ்சம் கம்மி.”

“எவ்ளோ கம்மி?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். சுரங்கத்துக்கு மேல் அவர் நின்றால் அவர் எடையில் ஓர் எள், மிஞ்சினால் ஒன்றரை எள் குறையும். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோறு சிந்தியது. “ஒரு எள்ளைத் தேடியா இம்மாந் தூரம் வந்தீங்க?”

எனக்கும் பேச ஆசையாகத்தான் இருந்தது. கீழே விழும் கல்லை இழுப்பதும் நிலாவை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் ஒரே இழுப்புதான் என்று நியூட்டன் கண்டுபிடித்ததைச் சொன்னேன். பூமி மட்டும் இழுப்பதில்லை. எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது. நீங்கள் என்னையும் நான் உங்களையும்.

“அப்ப ஏன் நாம ஒட்டிக்காம இருக்கோம்?”

நல்ல கேள்வி. அந்த இழுப்பு அவ்வளவு சிறியது. அதை முதன்முதலில் அளந்தவர் கேவண்டிஷ் என்ற லண்டன்காரர். நியூட்டனுக்கு நூறு வருடம் கழித்து, நூற்று அறுபது கிலோ ஈயக் குண்டுகள் இரண்டைத் தொங்கவிட்டு, அவை பக்கத்திலிருந்த சின்னக் குண்டுகளை இழுப்பதைப் பார்த்தார். அறைக்கு வெளியே நின்று, சுவரில் துளை போட்டு, தொலைநோக்கி வழியாகப் பார்த்தார்.

“உள்ள போயி பாத்தா என்னவாம்?”

“அவர் உடம்புச் சூட்டுல காத்து அசைஞ்சாலே கணக்குத் தப்பிரும்.”

அக்கா சற்று யோசித்தார். “பொறுமையான ஆளுதான்” என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

பெருங்காற்று. மீட்டரின் முள் நிற்கவே இல்லை. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 14, சனி

ஆறாம் கோடு. எட்டுப் புள்ளிகள். அதோடு மனையின் வடக்கு எல்லை முடிகிறது.

நான்கு புள்ளிகள் முடிந்தபோது மனைவி ஜெசிந்தா போன் செய்தாள். பாப்பாவின் பள்ளி நாடகம் மாலை ஐந்து மணிக்கு. “அப்பா வரலேன்னா மேடை ஏற மாட்டேன்னு அழுவுறா. பஸ் ஏறிட்டீங்களா இல்லையா?” இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று பேசிக்கொண்டே ஒரு கையால் மீட்டரைத் தூக்கினேன். கைப்பிடி வழுக்கி, அது ஒரு கல்லில் இடித்து நின்றது. பெரிய அடி இல்லை. பெட்டியில் கீறல்கூட இல்லை.

பவுனு அக்கா “ஐயோ சார்” என்று கத்திவிட்டார்.

“ஒண்ணும் ஆகல. யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. போன வருஷமே ஒரு தடவ கீழ போட்டு மெமோ வாங்கியிருக்கேன். டிசம்பர்ல என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கணும்.”

“நான் ஏன் சார் சொல்லப் போறேன். புள்ளகுட்டிக்காரரு.”

கிழக்கு மூலையில் மீதியிருந்த நான்கு புள்ளிகளிலும் ஈர்ப்பின் அளவு தொண்ணூறு மைக்ரோகால் போல இறங்கி வந்தது. இடிபட்டதில் ஸ்பிரிங் தாவியிருக்கிறது, சந்தேகமில்லை. முறைப்படி பேஸுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அடிபட்ட மீட்டர் அங்கே ஆற ஒரு மணி நேரம், பிறகு திரும்ப வந்து எல்லாம் முதலிலிருந்து. மணி ஒன்றரை.

பேஸுக்குப் போகாமலே பேஸ் ரீடிங்கை எழுதிவிட்டேன். நான்கு புள்ளிகளுக்கும் தொண்ணூறு கூட்டினேன். ஸ்பிரிங் தாவினால் யாராக இருந்தாலும் திருத்தத்தான் செய்வார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தில் மண் பட்டிருந்ததால் புதுப் பக்கத்தில் சுத்தமாக எழுதினேன். பழைய பக்கத்தை மடித்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாடகத்தில் பாப்பாவுக்கு ஒரே ஒரு வரி. அதைத் தெளிவாகச் சொன்னாள். நான் சரியான நேரத்துக்குப் போயிருந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் பேஸில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இருந்த அதே அளவு. தொண்ணூறு இறங்கவே இல்லை. ஒன்றரை நாள் ஓய்வில் ஸ்பிரிங் பழைய இடத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. நல்ல மீட்டர்.

அக்கா கேட்டார்: “அந்த மூலைய இன்னொரு தடவ பாத்துரலாமா சார்?”

“தேவையில்லக்கா.”

ஏழாம் கோட்டுக்காக மறுபக்கம் போனோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

வேலை முடிந்தது. அக்கா ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்தனுப்பினார்.

செப்டம்பர் 27, வெள்ளி

மேடம் வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். டாக்டர் மெஹருன்னிசா ஓர் எண்ணைப் பார்க்கும் விதம் மற்றவர்களுக்கு வராது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளுக்கு மிக அருகில் குனிவார்.

“அஞ்சாம் கோட்டோட கிழக்கு முனையில பதினஞ்சு இறங்குது. பக்கத்துல ஆறாவது கோடு தட்டையா இருக்கே. விசித்திரமா இல்ல?”

“அன்னிக்குக் காத்து மேடம்.”

ஐந்தாம் கோடு எடுத்த அன்று காற்றே இல்லை.

“பேஸ் எல்லாம் ஒழுங்கா எடுத்தீங்கதானே?”

“எடுத்தேன் மேடம்.”

கையெழுத்துப் போட்டார். ‘மனைக்கு அடியில் குறிப்பிடத்தக்க வெற்றிடம் இல்லை.’ அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. ஆய்வகத்தில் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம். கிராவிமீட்டருக்கு வைக்கச் சொல்லிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உண்மையிலேயே தலைவலிதான்.

அக்டோபர் 9, புதன்

புதிய மாணவர்களுக்கு மேடத்தின் வகுப்பு. புரொஜக்டரை இயக்க நான் போயிருந்தேன்.

ஈர்ப்பை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கலிலியோவிலிருந்து ஆரம்பித்தார். பிறகு ரிஷேர் என்ற பிரெஞ்சுக்காரரின் கதை. 1672இல் பாரிஸிலிருந்து ஊசல் கடிகாரம் ஒன்றைத் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள கேயென்னுக்குக் கொண்டுபோகிறார். பாரிஸில் கச்சிதமாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குகிறது.

“நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?” என்று கேட்டார் மேடம்.

“கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு” என்றார்கள் பிள்ளைகள்.

“பாரிஸ்ல பெரிய ஆளுங்களே அப்படித்தான் சொன்னாங்க. ரிஷேர் பத்து மாசம் திரும்பத் திரும்ப அளந்து பாத்தார். அதே பதில். நியூட்டன் கையில அந்த எண் கிடைச்சதும் அவருக்குப் புரிஞ்சுபோச்சு. கடிகாரத்துல கோளாறே இல்ல. அங்க பூமி இழுக்கறதே கம்மி. பூமி நடுவுல கொஞ்சம் பெருத்திருக்கு. கருவியோட தப்புன்னு ரிஷேர் அந்த ரெண்டரை நிமிஷத்தைக் கூட்டி எழுதியிருந்தா, பூமியோட வடிவமே நமக்குத் தெரிஞ்சிருக்காது.”

ஒரு பெண் எழுந்தாள். “அப்போ கருவி அடிபட்டு வந்த மாற்றமா, நிஜமாவே இருக்கற மாற்றமான்னு எப்படி மேடம் தெரியும்?”

“பேஸுக்குத் திரும்பிப் போங்க. அங்கேயும் மாறியிருந்தா கருவி. மாறலேன்னா நிஜம்.”

“ரெண்டு நாள்ல கருவி தானா சரியாகிட்டா?”

“ஆகாது. ஸ்பிரிங் ஒருதரம் தாவினா தாவினதுதான். தானாத் திரும்பி வராது.”

அடுத்த படத்துக்கு மாற்றச் சொல்லி மேடம் இரண்டு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மேடத்தின் அறைவாசல் வரை இரண்டு முறை போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

பழைய பக்கத்தை எடுத்துப் பிரித்துக் கணக்குப் போட்டேன். நான்கு புள்ளிகள், தொண்ணூறு இறக்கம், பரவியிருக்கும் அகலம். மனையின் வடகிழக்கு மூலைக்கு அடியில் நாலரை மீட்டர் ஆழத்தில் ஓர் அறை அளவுக்குக் காலியிடம் இருக்கிறது. அதன் கூரை எவ்வளவு கெட்டியானது என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

மேடத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு வரி. திருத்தித் திருத்தி இரண்டு வரி ஆனது. அனுப்பவில்லை. திங்கட்கிழமை நேரில் சொல்வதுதான் முறை.

அக்டோபர் 14, திங்கள்

மேடம் ஹைதராபாத்தில் கருத்தரங்குக்குப் போயிருக்கிறார். வியாழனன்று வருவார். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது?

வெண்கல்மேட்டுத் தலைவருக்குப் போன் செய்தேன்.

“அடடே, சாரா! விஜயதசமிக்குப் பூமி பூஜை போட்டாச்சு சார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிட்டு இருக்கோம். நீங்க குடுத்த ரிப்போர்ட்டாலதான் கலெக்டர் ஆபீஸ்ல உடனே ஓகே ஆச்சு. ஊரே உங்களைத்தான் சொல்லுது.”

“எந்த மூலையிலேருந்து ஆரம்பிச்சீங்க?”

“ஈசானிய மூலைதான் சார். வடகிழக்கு.”

“மழை உண்டா அங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கோ மறுநாளோ வந்துரும்.”

“பாத்துக்கோங்க” என்று சொன்னேன். சொன்னேன்தான். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எப்படி அறிவார்?

அக்டோபர் 16, புதன்

திருச்சியில் மழை.

அக்டோபர் 17, வியாழன்

நல்ல மழை. மேடத்தின் விமானம் தாமதம். பாப்பாவின் குடைக்குக் கம்பி மாற்றினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவரின் போன்.

காலை பத்தரைக்கு வடகிழக்கு மூலையில் கான்கிரீட் போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஊறிய மண் ஆள் உயரத்துக்கு அப்படியே உள்வாங்கி, அதற்கும் கீழே திறந்துகொண்டதாம். மற்றவர்கள் தாவிவிட்டார்கள். தலையில் கலவைச் சட்டியோடு நின்ற சித்தாள் உள்ளே போய்விட்டாள். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மேலே கொண்டுவர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பும் முதுகில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கின்றன.

“நம்ம பவுனுதான் சார். உங்களுக்குக் குடை புடிச்சாளே, அவதான். உங்க வேலை முடிஞ்சதும் இதுல சேந்துருச்சு.” தலைவர் அழுதார். “நீங்கதான் பாத்துச் சொன்னீங்களே சார், அப்புறமும் எப்படி இப்படி ஆச்சு?”

எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

அப்படிச் சொன்ன குரல் என்னுடையதுதான்.

அக்டோபர் 19, சனி

விடுமுறை. மேடத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் அப்பா கதவைத் திறந்தார். மேடம் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். அந்தப் பழைய பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து படித்தார். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பேஸ் எடுக்கல.”

“எடுக்கல மேடம்.”

“இது என்னிக்கு எழுதினது?”

“அன்னிக்கே. புதுப்பக்கம்தான் பிறகு எழுதினது.”

“மெஷின் உண்மையத்தான் சொல்லியிருக்கு குணாளன். அடிபட்டும் ஒழுங்கா சொல்லியிருக்கு.” பக்கத்தை மடித்து மேசையில் வைத்தார். “அஞ்சாம் கோடு எனக்கு உறுத்துச்சு. நான் உங்களை நம்பினேன். கையெழுத்து என்னுது.”

கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எனக்கு எப்போது தெரிந்தது என்ற இடத்தில் ‘அண்மையில்’ என்று எழுதியிருந்தேன். அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, “தேதி” என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆப்பிளை அக்காவின் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்படி யாரும் சொல்லவில்லை. நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அக்டோபர் 30, புதன்

மேடமும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் அதே மீட்டரோடு வெண்கல்மேட்டில் மறுபடி அளந்தார்கள். பள்ளத்தை விட்டு விலகி, விளிம்பைச் சுற்றி. என் பழைய பக்கத்து எண்களோடு எல்லாம் பொருந்துகின்றன. காலியிடம் மனையைத் தாண்டி வடக்கே இரண்டு வீடுகளுக்கு அடியில் போகிறது. அந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

பிற்பகல் ஊராட்சிக் கூட்டம். நான் எழுதிக் கொடுத்ததை நானே படிக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். படித்தேன். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பெண் எழுந்து, “அங்கன்வாடி தொறந்த பொறவு விழுந்திருந்தா?” என்றாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. நான் பதில் சொல்ல வேண்டியவன். கையிலிருந்த தாளை மடித்தேன்.

வேலையிலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை உண்டு. ஜெசிந்தாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நாடகத்துக்கு வரச் சொன்னது தான்தானே என்று அவள் அழுதாள். இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவளுக்குள் அது இறங்கவில்லை.

நவம்பர் 6, புதன்

இன்று வார்டுக்குள் போனேன்.

பவுனு அக்கா மல்லாந்து படுத்திருந்தார். இடுப்பை அசைக்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வாங்க சார். ஒக்காருங்க. அன்னிக்கு வந்துட்டுப் பாக்காமயே போயிட்டீங்களாமே.”

உட்கார்ந்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். ஊசி போட்டால் இல்லை என்றார்.

“ஒண்ணு சொல்லட்டா சார்? விழுறப்ப ஒண்ணுமே தெரியல. தலையில சட்டி இருந்துச்சே, அதோட பாரமே தெரியல. எனக்கு ஒடம்பே இல்லாத மாதிரி. கண்ண மூடித் தொறக்கிற நேரந்தான். அடியில போயி மோதுனப்பத்தான் எல்லாப் பாரமும் திரும்பி வந்துச்சு.”

கூரையிலிருந்து விழுபவன் விழும்போது தன் எடையை உணரமாட்டான்: ஐன்ஸ்டைன் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று அவர் அதைச் சொன்னார். நியூட்டனின் ஈர்ப்புக்கு அடுத்த புரிதல் முழுவதும் அதிலிருந்துதான் தொடங்கியது. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். விழுந்த ஒருவர் வாயால் இன்றுதான் கேட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்தார்.

“தப்பு எம்மேலயும் இருக்கு சார். அந்த மூலையில மெஷின் இடிச்சது எனக்குத் தெரியும்ல? வானம் தோண்டுறப்பவே தலைவர்ட்ட சொல்லியிருக்கணும். சொன்னா உங்க வேலைக்கு ஏதும் ஆயிருமோன்னு வாயை மூடிட்டேன். கூட வேல பாத்ததுங்க யாரும் விழாம போச்சே, அந்த மட்டும் சாமி காப்பாத்துச்சு.”

கூட்டத்தில் நான் படித்தது இன்னும் அவர் காதுக்கு வந்திருக்கவில்லை. தங்கை மறைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

“உங்க தப்பு ஒண்ணுமே இல்லக்கா. மெஷின் கெட்டுப்போகவே இல்ல. அடியில காலியா இருக்குன்னு அது அன்னிக்கே சொல்லிருச்சு. நான்தான் மாத்தி எழுதினேன்.”

“தெரியாமதானே?”

“எழுதினப்ப தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது.”

அவர் கை என் கைமேல் அப்படியே இருந்தது. “எப்பத் தெரிஞ்சுது?”

“அக்டோபர் ஒம்பது. ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டாம் நாள், புதன்.”

அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நாட்களை எண்ணுகிறார் என்று தெரிந்தது.

“நான் சித்தாளு வேலைக்குச் சேந்தது அதுக்கு மறுநாளு, வியாழக்கெழம” என்றார்.

கையை எடுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப முயன்றார். இடுப்புக் கட்டு விடவில்லை. கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான் ஏதோ சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்தது. தங்கை ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து எழுந்தேன். “போயிட்டு வரேன்க்கா” என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“போங்க.”